ஏகாம்பரமும் கிளச் எரிந்த லாரியும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஷெட்டில் ஒரு லாரியின் அடியில் படுத்து நட்டு முடுக்கிக் கொண்டிருந்தேன். சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஏகாம்பரத்தின் மச்சினனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. "மேஸ்திரி, மாமா விடிகாலைல பூட்டாரு" என்றான். நான் உடனே வெளியே வரவில்லை. அந்த நட்டை முடுக்கி முடித்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. ஐந்து நாள் காய்ச்சல். மேனாம்பேட்டில் அவன் வீட்டிலிருந்து டாக்டர் இருக்கும் தெரு முக்கால் மைல் கூட இராது. முதல் நாளே போய்க் காட்டியிருக்கலாம். போகவில்லை. சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டுக் கொண்டு படுத்திருந்தான். காய்ச்சல் ஏறும் நேரத்துக்கு ஒரு கோடு, இறங்கும் நேரத்துக்கு ஒரு கோடு. "எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு தெரியாம டாக்டராண்ட போயி இன்னா சொல்றது?" என்று வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்திருக்கிறான். நாலாம் நாள் டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், "கோடு போட்ட நேரத்துக்கு வந்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

காலமானவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று நம் வாசகசாலைச் செயலாளர் சொன்னார். இருபது வருஷம் 'டா' போட்டுப் பேசியவனை, இனிமேல் பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில் 'அவர்' என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. உயிரோடு இருந்தால் சிரித்திருப்பான். அவன் என்றே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் என்ன படித்தாலும் "அது எப்படி?" என்று கேட்டு எல்லோரையும் படுத்தி வைத்தவனை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஏகாம்பரமும் நானும் அம்பத்தூர் லாரி ஷெட்டில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்குக் கை வேகம், வாயும் வேகம், ஆகையால் என்னை மேஸ்திரியாக்கினார்கள். அவன் கடைசிவரை பிட்டராகவே இருந்தான். ஒரு வண்டி கெட்டு வந்து நின்றால் நான் ஸ்பானரை எடுப்பேன். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டிரைவரைக் கேள்வி கேட்பான். அதுவும் நேரான கேள்வியாக இராது. "இன்னா கெட்டுதுன்னு அப்பறம் சொல்லு. எப்பல்லாம் கெடாம ஓடிச்சி, அத்த சொல்லு மொதல்ல" என்பான். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் செங்கல் ஏற்றிக் களைத்து வந்த மனிதனுக்கு இந்தக் கேள்வி எப்படி இருக்கும்? ஒரு டிரைவர், "நைனா, கெடாம ஓடனா நா இன்னாத்துக்கு இங்க வரேன்?" என்று துண்டை உதறிக் கொண்டு எழுந்தே போய்விட்டார். ஏகாம்பரம் அவர் பின்னாலேயே டீக்கடை வரைக்கும் போய்க் கேட்டுக் கொண்டு வந்தான்.

அவன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று எழுதினால் அது பொய். மேனாம்பேட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் பெண் அழைத்துப் போன பஸ் ஒன்று எங்கள் ஷெட் வாசலிலேயே நின்று போயிற்று. பட்டுப் புடவைகளும் பலகாரத் தட்டுகளுமாக நாற்பது பேர் இறங்கி வெயிலில் நின்றார்கள். ஏகாம்பரம் டிரைவரை உட்கார வைத்து விசாரணையை ஆரம்பித்தான். நிற்பதற்கு முன் இருமிற்றா, ஒரே தரமாக நின்றதா, மேட்டிலா, பள்ளத்திலா என்று ஒன்றரை மணி நேரம். பெண்ணின் மாமன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "இன்னாயா, இஞ்சினுக்கு ஜாதகம் பாக்கறியா?" என்று கேட்டார். நான் போய் டாங்கியில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் முள் மட்டும் பாதியில் மாட்டிக் கொண்டு நின்றது. ஏகாம்பரம் எழுந்து, பெண்ணின் தகப்பனாரிடம் போய், "தப்பு என்னுதுங்க. மொதல்ல அத்தத்தான் பாத்திருக்கணும்" என்றான். நாற்பது பேர் காதிலும் விழும்படியாகச் சொன்னான். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இனி நான் சொல்ல வந்த லாரிக்கு வருகிறேன். யுத்தத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்தபின் எங்கள் முதலாளி நான்கு லாரிகளுக்கும் கரிவாயு மாட்டச் சொன்னார். உங்களில் பலர் அந்தப் புகையில் பிரயாணம் செய்தவர்கள், அதிகம் விளக்க வேண்டியதில்லை. டிரைவர் இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய உருளையில் கரி எரியும். அதில் பிறக்கும் வாயு குழாய் வழியாக முன்னால் போய், ஆறி, வடிகட்டப்பட்டு இஞ்சினுக்குள் நுழையும். மூன்று லாரிகளில் குழாயை வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொண்டு போனேன். நான்காவது லாரி வேறு கம்பெனியுடையது. அதில் பாட்டரிப் பெட்டி குறுக்கே நின்றது. சுற்றிப் போக இன்னும் இரண்டு வளைவு வேண்டும், வளைவு கூடினால் வாயு திணறும். நான் டிரைவரின் கால் பலகைக்கு அடியில், கிளச் மிதியின் தண்டை ஒட்டினாற்போல் ஒரே நேர்க்குழாயாக இழுத்துவிட்டேன். வேலை அழகாக அமைந்தது. முதலாளி குனிந்து பார்த்து முதுகில் தட்டினார். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த லாரியை ஓட்டியவர் முனுசாமி. கொரட்டூர்க்காரர். பதினைந்து வருஷத்தில் ஒரு மாட்டைக்கூட இடித்ததில்லை. அந்த மனிதருடைய லாரியில் கிளச் எரிந்தது. லாரி ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொடுப்பது கிளச் தகடு. டிரைவர் மிதியை அழுத்தினால் தகடு பிடி விடும், காலை எடுத்தால் இறுகப் பிடிக்கும். இடது காலை மிதியின் மேலேயே வைத்துக் கொண்டு ஓட்டுகிற சோம்பேறி டிரைவர்கள் உண்டு. அவர்கள் வண்டியில் தகடு முழுக்கப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி எரியும். இஞ்சின் ஊரைக் கூட்டும், லாரி நகராது. முனுசாமியின் லாரி ஏரிக்கரை மேட்டில் அப்படித்தான் நின்றது. புதுத் தகடு மாட்டினோம். ஆறு வாரத்தில் அதுவும் எரிந்தது. மறுபடி ஒன்று மாட்டினோம். அதுவும் எரிந்தது. யுத்த காலத்தில் அந்தத் தகட்டுக்காக நான் எத்தனை வாசலில் நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு தரமும் காலையில் நான் சோதித்தேன். கை பிரேக்கை இழுத்துப் போட்டு, பெரிய கியரில் வைத்து, மெல்லக் கிளச்சை விட வேண்டும். தகடு வழுக்கினால் இஞ்சின் ஓடிக் கொண்டே இருக்கும். நல்ல தகடானால் இஞ்சின் அடங்கி நின்றுவிடும். புதுத் தகடு மாட்டியபின் எத்தனை தரம் பார்த்தாலும் இஞ்சின் டக்கென்று நின்றது. தண்டைத் தள்ளத் தொடங்குமுன் மிதி சும்மா ஆடுகிற ஆட்டமும் ஒரு அங்குலம் இருந்தது, இருக்க வேண்டியது அவ்வளவுதான். ஆக, வண்டியில் பழுதில்லை. பழுது ஓட்டுகிறவன் காலில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முனுசாமி என்னிடம் வந்தார். "அண்ணாத்தே, நா கால வெக்கறதே இல்ல. கியர் மாத்தனா எடுத்து கீழ வெச்சிடுவேன். எம் புள்ளங்க மேல ஆணை" என்றார். ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "ரெண்டு நாளு குடு மேஸ்திரி. செங்கல் ஏத்திகினு நானும் கூட போயி பாக்கறேன். அதுக்குள்ள ஒன்னும் சொல்லாத" என்றான். லாரி நிற்கிறது, செங்கல் கேட்டு ஆவடி டிப்போவிலிருந்து ஆள் மேல் ஆள் வருகிறது, முதலாளி தொண்டை வறளக் கத்துகிறார், இவனுக்கு இரண்டு நாள் வேண்டுமாம். நான் அன்று பிற்பகலே முதலாளியிடம் போய், "கால்தான் காரணம்" என்று சொல்லிவிட்டேன். முதலாளி முனுசாமியைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். அதோடு விட்டாரா? டிரைவர்கள் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குப் போகும்போது காட்டுகிற நற்சாட்சிக் கடிதத்தில், 'கிளச்சை எரிப்பவர்' என்று கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பூந்தமல்லி ரஸ்தாவில் யார் லாரி கொடுப்பார்கள்? முனுசாமி கொரட்டூர் விறகுத் தொட்டியில் விறகு பிளக்கப் போனார்.

எட்டாம் நாள் புது டிரைவர் வந்து, ஏரிக்கரை மேட்டில் இஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை என்றார். "உனக்கும் கால் ஊறுதா?" என்று நான் எரிந்து விழுந்தேன். ஏகாம்பரம் அவரைத் தனியே இழுத்துப் போனான். வழக்கமான கேள்விதான். காலையில் கிளம்பும்போது வழுக்கவில்லை, ஷெட்டில் ஒருநாளும் வழுக்கவில்லை என்றார் அவர். ஏகாம்பரம் என்னிடம் வந்து, "மேஸ்திரி, ஷெட்டுல நாம கரிய மூட்டறதே இல்லியே?" என்றான்.

மூட்டுவதில்லை என்பது உண்மை. கரி பிடித்து வாயு வர அரை மணி ஆகும், ஷெட் முழுக்கப் புகை மண்டும். ஆகையால் சோதனைக்கு இருக்கிற கொஞ்சம் பெட்ரோலில் இஞ்சினைக் கிளப்பி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவோம். இந்தப் பக்கத்து ஷெட்டுகளில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். "அதுக்கும் கிளச்சுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றேன். "தெரியாது. தெரிஞ்சா ஏன் கேக்கறேன்?" என்றான். இப்படிப்பட்டவனோடு வேலை செய்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் ரத்தம் கொதிக்கும்.

மறுநாள் காலை கரியை மூட்டி, செங்கல் ஏற்றி, அந்த லாரியில் அவனும் போனான். கிளம்புமுன் கால் பலகையைத் தூக்கி, என் குழாய்க்கும் கிளச் தண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிலையை நூலில் கட்டித் தொங்கவிட்டான். இலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொடாமல் ஆடிற்று. பிற்பகல் திரும்பி வந்து, அந்த இலையை என் மேஜை மேல் வைத்தான். இலை நடுவில் நசுங்கி, வெந்து, பழுப்பேறிக் கிடந்தது. எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்தாறு மைல் போனால் குழாய் சூடேறும். சூடேறினால் இரும்பு நீளும். இரண்டு முனையும் இறுகிய குழாய் நீள இடமில்லாமல் நடுவில் வளைந்து தண்டை முட்டி, மிதியில் இருந்த அந்த ஒரு அங்குல ஆட்டத்தைத் தின்றுவிடும். அதற்குமேல் டிரைவர் காலைத் தரையில் வைத்திருந்தாலும் ஒன்றுதான், கூரைமேல் வைத்திருந்தாலும் ஒன்றுதான். கிளச்சை மிதித்துக் கொண்டிருந்தது நான் போட்ட குழாய்.

அன்று சாயங்காலம் இரண்டு வளைவு வைத்துக் குழாயைச் சுற்றி எடுத்துக் கொண்டு போனேன். அதன்பின் அந்த லாரியில் கிளச் எரியவே இல்லை. முதலாளியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. புகை அடைப்பு எடுத்தேன் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் காலை ஏகாம்பரம், "சொல்ட்டியா?" என்று கேட்டான். சொல்கிறேன் என்றேன். அதற்கு மறுநாளும் கேட்டான். வாரம் போயிற்று, மாதம் போயிற்று, வருஷமும் போயிற்று. யுத்தமே முடிந்தது, அவன் கேட்பது முடியவில்லை. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சொல்ட்டியா?" இல்லை என்று தெரிந்ததும் வேலைக்குக் குனிந்துவிடுவான். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே போய்ச் சொல்லேன்டா. உன்னை யார் பிடித்துக் கொண்டார்கள்?" என்று கத்தினேன். அவன் கையைத் துடைத்துக் கொண்டே சொன்னான்: "நா சொன்னா கோள் மூட்டறதாப் பூடும். முதலாளி நம்மள ரெண்டு பேரையும் சண்டக்காரனுங்கன்னு தள்ளிடுவாரு. குழா போட்டவன் சொன்னாத்தான் அந்த ஆளு கால் மேல போட்ட பழி போவும்."

இதில் எனக்கு அவன்மேல் இன்றும் கோபம் உண்டு, அஞ்சலியில் எழுதுகிறேனே என்று அதை விட்டுவிட மாட்டேன். அவன் முதலாளியிடமோ முனுசாமியிடமோ சொல்லியிருக்க வேண்டும். கோள் என்றால் கோள், சண்டை என்றால் சண்டை. நான் கோழை என்று தெரிந்தபின் என்மேல் அத்தனை நம்பிக்கை வைத்துக் காத்திருந்தது பெரிய தப்பு. அவன் காத்திருந்த நாளெல்லாம் முனுசாமி விறகு பிளந்து கொண்டிருந்தார்.

அவன் போவதற்கு முதல் நாள், திங்கட்கிழமை மத்தியானம் அவனைப் பார்க்கப் போனேன். உடம்பு அனலாகக் கொதித்தது. சுவரில் கோடுகளைக் காட்டி, "பாரு, ஒன்னு உட்டு ஒரு நாளு தாண்டா ஏறுது" என்றான், ஏதோ கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எப்போது கேட்பானோ என்று பயந்து கொண்டே இருந்தேன். அவன் கேட்கவில்லை. எழுந்து வாசல்வரை வந்து, நின்று, திரும்பியும் பார்த்தேன். கண்ணை மூடிக் கொண்டான். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்தும் அவன் கேட்காத நாள் அது ஒன்றுதான்.

சுடுகாட்டில் முனுசாமி இருந்தார். பாடை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். எல்லாம் முடிந்து குளத்தில் கை கால் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். என்னை ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தம்முடைய இடது காலைப் பார்த்துக் கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "அண்ணாத்தே, அப்ப உங்களாண்ட சண்ட போட்டேன், மன்சுல வெச்சிக்காதீங்க. யோசிச்சி யோசிச்சி பாத்தேன். எனக்கே தெரியாம கால வெச்சிருப்பேனோ இன்னாவோ. வண்டில ஒன்னும் இல்லன்னா வேற இன்னா இருக்கும்?"

ஏகாம்பரம் செத்ததற்கு வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. பார்த்தவர்கள் நண்பனுக்காக அழுகிறான் என்று நினைத்துத் தோளைத் தட்டினார்கள். அப்போதும் என் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திங்கட்கிழமையிலிருந்து மேஸ்திரி வேலையை வேறொருவர் பார்ப்பார் என்றார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் முனுசாமியின் கடிதத்தில் எழுதியதை அடித்துத் திருத்த மாட்டேன் என்றுவிட்டார். தம் கையெழுத்தைத் தாமே அடித்தால் ஊரில் தம்மை யார் மதிப்பார்கள் என்று கேட்டார். "வேணும்னா நீ எழுதிக் குடு, உன் பேர் போட்டு" என்றார். எரிச்சலில் சொன்ன வார்த்தைதான். நான் அதைப் பிடித்துக் கொண்டேன்.

ஏகாம்பரத்தின் ஸ்பானர்கள் அவன் மச்சினனிடம் போய்விட்டன. எனக்கென்று அவன் வைத்துவிட்டுப் போனது, அவன் செய்ய மறுத்த அந்த ஒரு வேலை. அதைத்தான் இந்தப் பக்கங்களில் செய்திருக்கிறேன். நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஞாயிறு கூட்டத்துக்கு முனுசாமியைக் கையோடு அழைத்து வருகிறேன். இதைப் படித்து முடித்ததும் இந்தப் பக்கங்களைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று செயலாளரைக் கேட்டேன், அவரும் சம்மதித்துவிட்டார். அவற்றை எந்த ஷெட்டில் வேண்டுமானாலும் அவர் காட்டலாம். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

முனுசாமி, நீங்கள் காலை எடுத்துக் கீழேதான் வைத்திருந்தீர்கள்.